மனாசஸ் போர்க்களம்: பழி மெக்டவலுக்கு மட்டுமா?

வர்ஜீனியாவில் மனாசஸ் போர்க்களத்தைப் பார்த்து வந்ததிலிருந்து அங்கே தோற்ற வடக்குப் படையை நடத்திய மெக்டவலைக் கையாலாகாத தளபதி என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

லிங்கனின் வடக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று இங்கேதான் நடந்தது. ஹென்றி மேட்டில் இரு தரப்புப் பீரங்கிகளும் எதிரெதிரே வரிசையாக நிற்கின்றன. நடுவே புல்வெளி, சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். அவ்வளவு நெருக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

எங்களுடன் வந்த வழிகாட்டி, வடக்கின் கேப்டன் கிரிஃபின் தன் இரண்டு பீரங்கிகளை நகர்த்திக் கொண்டுவந்த வலது ஓரத்தைக் காட்டினார். நீல உடையில் ஒரு படை நெருங்கியது. கிரிஃபின் சுட ஆயத்தமானார். நம்முடைய ஆட்கள்தான் என்று மேலதிகாரி மேஜர் பாரி தடுத்துவிட்டார். வந்தவர்கள் தெற்கின் 33ஆவது வர்ஜீனியா படையினர். அவர்கள் சரமாரியாகச் சுட்டதில் பீரங்கி வீரர்களும் குதிரைகளும் அங்கேயே சாய்ந்தார்கள், பீரங்கிகளும் பறிபோயின. எந்தத் தரப்புக்கு எந்த நிறச் சீருடை என்பதுகூட அப்போது முடிவாகியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட படையைத்தான் மெக்டவலிடம் கொடுத்தார்கள். போர்க்களத்தில் படை நடத்தியே அறியாதவர் அவர். பயிற்சிக்கு அவகாசம் கேட்டார். நீங்களும் புதியவர்கள், அவர்களும் புதியவர்கள் என்று லிங்கன் சொல்லிவிட்டார். தொண்டர் படையினரின் 90 நாள் பணிக்காலம் முடியப்போகிறது, தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குப் புறப்படு என்று செய்தித்தாள்கள் கூச்சலிடுகின்றன. என்ன செய்வார் மனிதர்?

அவருடைய திட்டத்தில் பெரிய குறையில்லை. ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் தெற்கின் தளபதி ஜான்ஸ்டனின் படையை வடக்கின் இன்னொரு தளபதி பேட்டர்சன் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். தவறவிட்டார். ஜான்ஸ்டனின் ஆட்கள் ரயிலேறி மனாசஸுக்கே வந்து சேர்ந்தார்கள், வடக்கு தோற்றது. ஆனால் மறுநாளே மெக்டவலின் இடத்துக்கு வரச் சொல்லி மெக்கிளெல்லன் என்ற தளபதிக்கு அழைப்புப் போனது. பழியைச் சுமந்தவர் மெக்டவல்.

வடக்கின் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் இந்த அவசரமே வேண்டாம் என்றவர். வயது 75, குதிரை ஏற முடியாத உடம்பு. அவர் நம்பியிருந்த அதிகாரி ராபர்ட் லீ, சொந்த மாநிலமான வர்ஜீனியாவின் பக்கம் போய்விட்டார். ஸ்காட்டும் வர்ஜீனியாக்காரர்தான், அவர் போகவில்லை. துறைமுகங்களை அடைத்து, மிசிசிப்பி ஆற்றைப் பிடித்து, தெற்கை மெல்ல நெருக்கலாம் என்ற அவருடைய யோசனையை மலைப்பாம்புத் திட்டம் என்று கேலி செய்தார்கள். 1861 நவம்பரில் ஓய்வு பெற்றார். 1863 ஜூலையில் மிசிசிப்பிக் கரையில் தெற்கின் அரண்களான விக்ஸ்பர்க்கும் போர்ட் ஹட்சனும் வீழ்ந்து ஆறு முழுவதும் வடக்கின் கைக்கு வந்தபோது, அதைக் கேட்க ஸ்காட் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.