விருந்தினராக வந்த வீரர்கள்: எதிரே நின்று ஆடிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மூலைவாசி

வேறொரு விளையாட்டிலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ ஒரு கதாபாத்திரத்தைச் சண்டை விளையாட்டுக்குள் அழைத்து வரும்போதெல்லாம், அவருக்கு அந்த இடம் தகுமா என்ற விவாதம் எழுந்து, அவரவர் விருப்பப் பெயர்களை அடுக்குவதோடு முடிந்துவிடுகிறது. இங்கே பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஒரு விருந்தினரை எதிர்த்தோ அவராகவோ ஆடியபோது நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

நான் 'டெக்கன் 7' சண்டை விளையாட்டில், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' தொடரிலிருந்து விருந்தினராக வந்த அகுமாவைச் சந்தித்ததிலிருந்து தொடங்குகிறேன். டெக்கனில் ஊறியவனுக்கு எதிராளியிடமிருந்து விலகி நிற்கும் தொலைவு என்பது மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை யோசிக்கும் இடம். அகுமா அந்த நிம்மதியைக் கெடுத்தார். தரையில் நின்றும் அந்தரத்திலிருந்தும் பயர்பால் என்ற ஆற்றல் உருண்டையை எறிந்தார். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பாணியில் தலைக்கு மேலே குதித்து வந்தார். போதாக்குறைக்கு அந்த விளையாட்டின் வழக்கமான வீரர்களிடம் இல்லாத, சிறப்பு அடிகளுக்குச் செலவழிக்கும் சக்தி மீட்டர் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு காம்போவை, அதாவது தொடர் அடிகளை, நீட்டினார். முதலில் இது அநியாயம் என்றுதான் பட்டது. ஆனால் அவருடைய பயர்பாலைப் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தே தவிர்த்துவிடலாம் என்பதும், அந்த நகர்வு டெக்கனில் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் என்பதும் கைக்குப் பழகியபோது, வெளியூர்க் கேள்விக்கு உள்ளூரிலேயே விடை இருப்பது புரிந்தது. கதையிலும் அவர் ஒட்டாமல் நிற்கவில்லை. கசுமியிடம் பட்ட கடனுக்காக அவளுடைய கணவன் ஹெய்ஹாச்சியையும் மகன் கசுயாவையும் கொல்ல வருகிறார். ஆட்டத்துக்குப் புதிதாக ஒரு கேள்வியைக் கொண்டுவருபவருக்கே இடம் தகும் என்பது என் கட்சி.

த்ரோப் பிரியர்

புதிய கேள்வி சரி, விடையே இல்லாத கேள்வியை என்ன செய்வது? 2008இல் வந்த 'சோல்கேலிபர் 4'இல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களிலிருந்து பிளேஸ்டேஷன் 3க்கு டார்த் வேடரும் எக்ஸ்பாக்ஸ் 360க்கு யோடாவும் விருந்தினர்களாக வந்தார்கள். நான் எப்போதும் ஆஸ்டரோத்தை எடுப்பவன். கோடரியைச் சுழற்றி எதிராளியைக் குனிய வைப்பது, குனியாமல் தடுத்து நிற்பவரைத் தூக்கி எறிவது என்ற அச்சத்தில்தான் அவருடைய ஆட்டம் முழுவதும் நிற்கிறது. யோடாவோ நின்றாலே குனிந்திருப்பவரை விடக் குள்ளம். உயரத்தில் வீசிய வெட்டு அவருடைய தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பிடிக்கப் போன கைகள் வெறுங்கையாகத் திரும்பின. அவரைப் பிடித்து எறிய வழியே கிடையாது. திரைப்படத்தில் அந்த உருவத்தின் சிறுமைதான் அவருடைய பெருமை. சண்டைக் களத்தில் அது எதிராளியின் பாதி ஆயுதங்களைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. 'டெக்கன் 3'இல் வந்த கான் என்ற குட்டி டைனோசருக்கு எதிராகவும் உயரத்தில் வீசும் அடிகள் இப்படித்தான் வீணாயின என்பதால், இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லவும் இடமில்லை. அழைப்பதற்கு முன் அந்த உடல் களத்துக்குப் பொருந்துமா என்று பார்த்திருக்க வேண்டும். புகழை மட்டும் பார்த்தார்கள்.

பழைய கன்ட்ரோலர்

யோடாவைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தொடரின் இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஒரே விளையாட்டு மூன்று கன்சோல்களில் வந்து, கேம்கியூபுக்கு 'செல்டா' விளையாட்டுகளின் நாயகன் லிங்க், பிளேஸ்டேஷன் 2க்கு டெக்கனின் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸுக்கு காமிக்ஸ் நாயகன் ஸ்பான் என்று ஆளுக்கொருவரைப் பங்கிட்டுக்கொண்டது. நான் மூவரோடும் ஆடியிருக்கிறேன். லிங்க் வாள், கேடயம், வில், வெடிகுண்டு, பூமராங் எல்லாவற்றையும் கொண்டுவந்தும் அந்நியமாகத் தெரியவில்லை. வாள்வீரர்களின் கூட்டத்தில் அவர் இயல்பாகக் கலந்துவிட்டார். ஹெய்ஹாச்சி, எல்லோரும் ஆயுதம் ஏந்தும் இடத்தில் வெறும் கைக்கவசங்களோடு வந்து நின்றார். எட்டத்தில் தோற்று, கிட்டத்தில் வெல்ல வேண்டிய அந்தக் கட்டாயம்தான் அவரை ஆடுவதன் சுவை.

2013இல் அந்த விளையாட்டு எச்டி வடிவில் மீண்டும் வந்தபோது ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் இருந்தார்கள், லிங்க் இல்லை. மூவரில் மிக நன்றாகப் பொருந்தியவருக்கே இடமில்லாமல் போனது. விருந்தினர் வேறொருவருடைய சொத்து. உரிமை பெற்றுத்தான் அழைத்துவர முடியும், மறுபடி அழைக்க மறுபடியும் பேச வேண்டும். தகுதியைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும் கடைசியில் கையெழுத்துப் போடுபவர்கள் நாமல்ல.

சும்மா ஆடுபவர்

இங்கே எல்லோரும் டோர்னமெண்ட் கண்ணோடு பார்க்கிறீர்கள். 'மோர்ட்டல் காம்பாட் 11'இல் ரோபோகாப்பையும் டெர்மினேட்டரையும் மோத விட்டபோது, சுற்று தொடங்கும் முன் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்பதற்காகவே நான் திரும்பத் திரும்ப ஆடினேன். ரோபோகாப்புக்குக் குரல் கொடுத்தவர் திரையில் அந்த வேடத்தை ஏற்ற பீட்டர் வெல்லரேதான். எனக்கு அவருடைய காம்போவில் ஒன்றுகூட நினைவில்லை, அந்தக் குரல் நினைவிருக்கிறது. இது தகுதி இல்லையா?

மூலைவாசி

தகுதிதான். கொலையையே கொண்டாட்டமாக்கிய அந்தத் தொடரில் 2011இல் திகில் படக் கொலைகாரன் ஃப்ரெடி க்ரூகர் வந்தபோது யாரும் புருவத்தை உயர்த்தவில்லை, ஏனென்றால் அவருக்கு அது பிறந்த வீடு போலவே இருந்தது. கேள்வி வேண்டும் என்று நான் சொன்னது எல்லாத் தொடருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஆனால் 2025இல் வந்த 'ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்' விளையாட்டில் கால்பந்து வீரர் ரொனால்டோவைப் பார்த்தபோது, அவர் உதைத்த பந்து என்மேல் பட்டதே தவிர, அவர் ஏன் அந்தத் தெருவுக்கு வந்தார் என்பது கடைசிவரை விளங்கவில்லை.

கட்டை உடைப்பவர்

நான் நிண்டெண்டோவின் சண்டை விளையாட்டான 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' பக்கம். யார் வர வேண்டும் என்று 2015இல் நிண்டெண்டோ ரசிகர்களிடமே வாக்குக் கேட்டது. முதலிடத்தில் இருந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' நாயகன் சோரா 2021 அக்டோபரில்தான் களத்துக்கு வந்தார். ரசிகர் கேட்பதற்கும் கிடைப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம். மாறாக, 2020இல் வந்த மைன்கிராஃப்டின் ஸ்டீவ் கட்டைகளை அடுக்கும் வித்தையோடு வந்ததால், அதற்கு இடம் கொடுக்க எல்லா மேடைகளையும் திருத்த வேண்டியிருந்தது என்று இயக்குநர் சகுராய் சொன்னார். அவரை எதிர்த்து ஆடுவது எப்படி என்றால், நான் ஓடி வரும்போதே முன்னால் ஒரு கட்டை முளைக்கும், அதை உடைப்பதற்குள் அவர் அப்பால் நின்று தோண்டிக்கொண்டிருப்பார், தோண்டியது வைரமானால் வாள் கூர்மையாகிவிடும். மூலைவாசி கேட்ட புதிய கேள்வி இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தும் பல போட்டிகளில் அவரைத் தடை செய்தார்கள், தடை செய்தவர்களை என்னால் குறை சொல்லவும் முடியவில்லை.

கடைசிச் சுற்று

அப்படியானால் மூலைவாசியின் அளவுகோலுக்கு 'ஃபேட்டல் ஃப்யூரி' நாயகன் டெர்ரி போகார்ட் என்ன பதில் சொல்வார்? 2024 செப்டம்பரில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'க்கு வந்த அவருக்காகப் புதிய மீட்டர் இல்லை, புதிய விதி இல்லை. மற்றவர்களைப் போலவே டிரைவ் கேஜ் என்ற பொதுவான சக்தி மீட்டரை வைத்துத்தான் ஆடுகிறார். முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டரை' இயக்கிய தகாஷி நிஷியாமாதான் பின்னர் எஸ்என்கே நிறுவனத்துக்குச் சென்று 1991இல் 'ஃபேட்டல் ஃப்யூரி'யை உருவாக்கினார் என்பதால், டெர்ரி அங்கே வந்தது அந்நியர் வருகையாக எனக்குப் படவில்லை. பங்காளி வீட்டுப் பிள்ளை தாமதமாக வந்தது போலிருந்தது. அவருடைய பவர் வேவ் அலை தரையோடு ஓடி வரும்போது அதைத் தாண்டிக் குதித்தேன், குதித்த இடத்தில் மேலெழும்பித் தாக்கும் ரைசிங் டேக்கிள் காத்திருந்தது. இதில் ஒன்றுகூடப் புதிதில்லை, ஆனாலும் அவரை ஆட எடுத்தபின் நான் வேறு யாரையும் எடுக்கவில்லை. மூலைவாசிக்கு மறுப்பு இருந்தால் டெர்ரியோடு சில நாள் ஆடிவிட்டு வந்து எழுதட்டும்.