கவாட் சாமுக்கு (போலீஸ் ஆளுங்கள வரிசையா நிக்க வச்சி அடையாளம் காட்ட சொல்றது) சின்னம்மாவ கூப்பிட்டிருக்காங்க, என்ன சொல்லி அனுப்புறது?

செந்தூல்வாசி:
வணக்கம். எங்க சின்னம்மா பாசார் போய்ட்டு வரும்போது மோட்டர்ல வந்த ரெண்டு பேரு பைய இழுத்துட்டு போய்ட்டானுங்க. பின்னாடி உக்காந்தவன் ஹெல்மட் கண்ணாடி தூக்கியிருந்துச்சாம், மூஞ்சிய கொஞ்ச நேரம்தான் பார்த்தாங்க. இப்ப போலீஸ் பாலாய்ல இருந்து போன், ஆள பிடிச்சிட்டோம் வந்து அடையாளம் காட்டுங்கன்னு. இவங்க என்னடான்னா "பிடிச்சிட்டாங்கல்ல, வரிசையில இருப்பான், யாரு ரொம்ப ஒத்து வர்றானோ அவன காட்டிடுறேன்"ங்கறாங்க. எனக்கு வயித்த கலக்குது, இது சரியா?

பினாங்கு தேவி:
சரியே இல்ல தம்பி. உண்மையான ஆளு அங்க இல்லன்னாலும் வரிசையில யாராவது ஒருத்தன் மத்தவங்கள விட ஒத்துத்தான் வருவான், மாட்டுறது அவன்தான். அமெரிக்காவுல தப்பே பண்ணாம ஜெயிலுக்குப் போன ரொனால்ட் காட்டன் வழக்கு அப்படித்தான், 1984ல பாதிக்கப்பட்ட பொண்ணு முதல்ல போட்டோவுல அவர காட்டுச்சு, அப்புறம் ஆள நிக்க வச்சப்பவும் அவரதான் காட்டுச்சு, ரெண்டுலயும் இருந்த ஒரே ஆளு அவருதான், பார்த்த மூஞ்சி மனசுல பதியாம இருக்குமா? 1995ல டிஎன்ஏ வந்துதான் வெளிய வந்தாரு.

கிள்ளான் ரவி:
ஒவ்வொருத்தனா தனித்தனியா காட்டுனா தப்பு குறையும்னு படிச்சிருக்கேனே?

பினாங்கு தேவி:
1985ல லிண்ட்சே, வெல்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. ஆனா பின்னாடி வந்த ஆராய்ச்சியில சரியான ஆள காட்டுறதும் சேர்ந்தே குறையுதுன்னு வந்துச்சு, அதனால அந்த சண்டை இன்னும் ஓயல. எனக்கு அதவிட முக்கியமா படுறது வேற: வரிசைய நடத்துற ஆபீசருக்கே சந்தேக ஆளு யாருன்னு தெரியக்கூடாது, 'அவன் இதுல இல்லாமலும் இருக்கலாம்'னு முன்னாடியே சொல்லணும், காட்டுன உடனே எவ்வளவு நிச்சயம்னு அவங்க வாயால சொல்றத எழுதிக்கணும். "கரெக்டா காட்டிட்டீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அரைகுறையா சொன்னவங்களுக்கும் நல்லா பார்த்த மாதிரியே தோண ஆரம்பிச்சிடும். நம்ம கோர்ட்லயும், சாட்சி அடையாளம் காட்டுறத எப்படி எடை போடணும்னு சொன்ன இங்கிலாந்து டர்ன்புல் வழக்க வச்சி எவ்வளவு நேரம் பார்த்தாங்க, எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, எதாவது மறைச்சுச்சான்னு கேப்பாங்க. சின்னம்மா ஞாபகத்துல உள்ளத இன்னைக்கே எழுத சொல்லுங்க, நீங்க பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்காதீங்க.

செந்தூல்வாசி:
ரொம்ப நன்றிக்கா. இல்லன்னு சொன்னா இன்ஸ்பெக்டர் கோவிச்சுக்க மாட்டாரான்னு பயப்படுறாங்க. எங்க தாமான் வாட்சப் குரூப்ல வேற 'இவன்தான் ரகுத்' (பை பறிக்கிறவன்)னு ஒரு சிசிடிவி படம் சுத்துது, காட்டிட்டு கூட்டிட்டு போலாம்னு நெனச்சேன்.

பினாங்கு தேவி:
ஐயோ காட்டவே காட்டாதீங்க! ஏற்கனவே பார்த்திருந்தா அத பாலாய்ல முதல்லயே சொல்லிடணும். கோவிச்சா கோவிச்சுக்கட்டும், தெரியலன்னா தெரியலன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு.