கலைச்சொல் தேவை: வான்கோழி வேட்டையில் காற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

நிழலி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைக்காட்டில் எடுத்த ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் துணைவசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. வசந்த காலத்தில் பெட்டையின் குரலை எழுப்பி, காட்டு வான்கோழிச் சேவலைப் பக்கத்தில் வரவழைத்துச் சுடுகிற வேட்டை அது. வேட்டைக்காரர் வாயைத் திறந்தால் காற்றைப் பற்றித்தான் பேசுகிறார். காற்று வருகிற பக்கத்துக்கு ஒரு சொல், போகிற பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும். திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துதான் இடம். இப்போதைக்கு ‘மேல்காற்று’, ‘கீழ்காற்று’ என்று போட்டிருக்கிறேன்.

நெய்தலான்:
தங்கச்சி, அதை முதலில் எடுத்துவிடுங்கள். மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, கீழ்காற்று என்றால் கிழக்கிலிருந்து. கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். போகிற பக்கத்துக்குக் ‘காற்றுவாக்கு’ இருக்கவே இருக்கிறது. வருகிற பக்கத்தைக் ‘காற்றெதிர்’ என்று வைக்கலாம்.

வடமராட்சியான்:
எங்கட பக்கம் மேற்கிலிருந்து வாறது கச்சான், தெற்கிலிருந்து வாறது சோழகம். ஆனால் இப்ப பிள்ளைகளிட்ட கச்சான் எண்டால் வேர்க்கடலையைத்தான் நீட்டுவினம். திசைப் பெயர் வேறை, நிழலி கேட்கிறது வேறை. நெய்தலான் சொல்றது சரி.

புலவர்:
காற்றுவாக்கு என்றதும் வதந்திதான் நினைவுக்கு வரும். ‘காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன்’ என்று தினமும் சொல்கிறோமே. பழந்தமிழில் ‘கால்’ என்றாலே காற்று. காலெதிர், கால்வழி. சுருக்கம், தூய்மை இரண்டும் கிடைக்கும். 40 எழுத்துக் கவலையும் தீரும்.

நிழலி:
ஐயா, கால்வழி என்றால் வம்சம் இல்லையா? தவிர, சேவலைக் கூப்பிடுகிற கருவியை அங்கே ‘டர்க்கி கால்’ என்கிறார்கள். பக்கத்தில் காலெதிரும் வந்தால் பார்க்கிறவர்கள் சமையல் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கானகன்:
எனக்கு ‘மோப்பக்காற்று’ தோன்றுகிறது. காட்டில் இருப்பவர்களுக்குக் காற்று என்றாலே ஆள்வாசம் எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்குதான். யானையோ மானோ, வாசம் பட்டால் நின்றுவிடும்.

ஒலியன்:
மானுக்குச் சரி, வான்கோழிக்குப் பொருந்தாது. அதற்கு மோப்பம் மட்டம், கண்ணும் காதும்தான் ஆயுதம். இந்த வேட்டையில் காற்று முக்கியமாவது வாசத்தால் அல்ல, ஒலியால். இன்னொன்று. காற்று ஒலியைச் சுமந்துபோகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், நல்ல காற்றே 4, 5 மீட்டர்தான். தரையோடு காற்று மெதுவாகவும் உயரே வேகமாகவும் போவதால் ஒலி வளைகிறது. காற்று போகிற பக்கம் கீழ்நோக்கி வளைந்து காதுக்கு வரும். காற்றை எதிர்த்துப் போகிற ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். தரையோரம் ஒன்றும் கேட்காத ஒரு பட்டை விழும். மலைக்கு ‘மழைமறைவு’ என்கிறோமே, அதே அச்சில் இதற்கு ‘ஒலிமறைவு’. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

புலவர்:
ஒலிமறைவு அருமை. இதற்கு மறுப்பே இல்லை.

ஓசார்க்கான்:
பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் இருக்கிறேன். வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு சும்மா கூடப் போவதுண்டு. நம் குரல் சேவலுக்குக் கேட்க வேண்டுமென்றால் காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் போக வேண்டும். அதன் கொக்கரிப்பு நமக்குக் கேட்க வேண்டுமென்றால் அதன் பக்கமிருந்து நமக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டும் நடக்காது. விடியலில் காற்று அடங்கியிருக்கும்போது தொல்லையில்லை. வெயிலேறிக் காற்று கிளம்பினால், பலகைக்கல்லில் குச்சியை உரசி மெல்லிசாகக் கூப்பிடும் கருவியை வைத்துவிட்டு மரப்பெட்டியை எடுப்பார்கள். மூடியை உரசினால் கீச்சென்று வெகுதூரம் போகும். அதற்கு 1897-ல் காப்புரிமை வாங்கியது இதே மாநிலத்து டார்டனெல் ஊர்க்காரர். காற்று பலமானால் பறவைகளும் இடம் மாறும். எல்லா இலையும் ஆடும்போது எது அசைகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் திறந்த புல்வெளிக்கோ மலையின் மறைவுப் பக்கத்துக்கோ போய்விடும்.

நிழலி:
இப்போது சிக்கல் கூடிவிட்டது. ‘காற்றெதிரில் உட்கார்’ என்றால் யாருக்கு எதிர்? எனக்கா, பறவைக்கா? எதிர் என்றவுடன் காற்றைப் பார்த்து நடப்பதாகவும் படுகிறதே.

நெய்தலான்:
நான்காம் வேற்றுமையைப் போட்டால் தீர்ந்தது. ‘பறவை நமக்குக் காற்றுவாக்கில் இருக்கட்டும்.’ எதிர்ச்சொல்லே தேவைப்படாது.

புலவர்:
கூப்பிடுவதற்கு ஒரு சொல் யாரும் கேட்கவில்லையே? ‘அகவல்.’ அகவுதல் என்றால் அழைத்தல். குறுந்தொகையில் ‘அகவன் மகளே’ என்று குறிசொல்லும் கட்டுவிச்சியை விளிக்கவில்லையா? மயிலின் குரலும் அகவல்தான். மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

ஒலியன்:
ஐயா, அகவல் என்று திரையில் வந்தால் தமிழாசிரியர்கள் ஆசிரியப்பாவுக்குக் காத்திருப்பார்கள்.

கானகன்:
அது இருக்கட்டும். மூதுரையின் ‘கானமயிலாடக் கண்டிருந்த வான்கோழி’ எப்படி அமெரிக்கப் பறவையாக முடியும்? 1492-க்கு முன் அது இந்தப் பக்கமே வரவில்லை. பாட்டு பிந்தியது, இல்லையென்றால் அந்தக் காலத்து வான்கோழி வேறு ஏதோ காட்டுப் பறவை. எது?

வடமராட்சியான்:
நல்ல கேள்வி. நான் இரண்டாவது பக்கம். ‘கான்கோழி’ எண்டு இருந்ததோ என்ற சந்தேகமும் எனக்குண்டு.

புலவர்:
கூடாது. மயிலுக்குக் கானம் சொல்லியாயிற்று, கோழிக்கும் கான் என்றால் கூறியது கூறல். சரி, இன்னொன்று. படத்தில் பொம்மைப் பெட்டை வைக்கிறார்களா? அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். புறநானூறு 320-இல் வேட்டுவன் வீட்டு முற்றத்தில் ‘பார்வை மடப்பிணை’ வருகிறது. மானைப் பிடிக்கப் பழக்கி வைத்த பெண்மான். ‘பார்வைப் பெட்டை’ என்று எழுதுங்கள்.

நிழலி:
வைக்கிறார்கள், ஐயா. ஆனால் ‘பார்வைப் பெட்டை’ என்று போட்டால் பெட்டை பார்க்கிறது என்றுதான் படிப்பார்கள். ‘பொம்மைப் பெட்டை’ என்றே விடுகிறேன், மன்னிக்கவும்.

மட்டுறுத்துநர்:
வான்கோழியின் பூர்வீகத்துக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே போங்கள். இங்கே யாருக்கு எது?

நெய்தலான், வடமராட்சியான், ஓசார்க்கான்:
காற்றுவாக்கு.

ஒலியன்:
காற்றுவாக்கு, அரை மனதோடு. ஒலிமறைவையும் எங்காவது நுழைத்துவிடுங்கள்.

கானகன்:
எனக்கு எதுவானாலும் சரி. மூதுரை இழைக்குப் போகிறேன்.

புலவர்:
காலெதிர். பதிவு செய்துகொள்ளுங்கள்.

நிழலி:
நன்றி. போகிற பக்கம் ‘காற்றுவாக்கு’. வருகிற பக்கத்துக்குச் சொல் இல்லாமல், ‘காற்று வரும் பக்கம்’ என்று விரித்தே எழுதுகிறேன். எண்ணிப் பார்த்தேன், வரியில் அடங்குகிறது. கூப்பிடுவது கூப்பிடுவதாகவே இருக்கும். ஒலிமறைவு ஒரே ஒரு காட்சியில் வருகிறது: சேவல் எதிர்க்கரையில் நிற்கிறது, இவர் கத்திக்கொண்டே இருக்கிறார், அது திரும்பியே பார்க்கவில்லை.

புலவர்:
அந்தக் காட்சியிலாவது காலெதிர் போடலாமே. யாரும் கவனிக்க மாட்டார்கள்.