வெள்ளையடிப்புக்காகக் கழற்றிய மோடமும் ரவுட்டரும்: திரும்ப மாட்டியபின் ஒரு போனில் இணையம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வண்ணம் பூசினோம். தொலைக்காட்சிக்கு மேலே தட்டில் இருந்த இணையக் கருவிகளை வேலைக்கு வந்தவர்கள் கழற்றி, ஒயர்களை எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எது எதில் சொருகியிருந்தது என்று நான் உடனிருந்து குறித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போக நேர்ந்ததால் அது முடியாமற்போனது.

கருவிகள் இரண்டு. இணைய நிறுவனம் கொடுத்த வெள்ளை மோடம் ஒன்று. மாடியிலிருந்து இறங்கிவரும் மெல்லிய ஃபைபர் கேபிள், பச்சை முனையோடு அதன் அடியில் சொருகப்படும். மற்றொன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் வாங்கி அமைத்துக் கொடுத்த, நான்கு ஆண்டெனாக்கள் உள்ள கறுப்பு ரவுட்டர். மோடத்திலும் வைஃபை உண்டு என்றாலும், அதன் வீச்சு படுக்கையறை வரை எட்டவில்லை என்று மகன் அதை அணைத்துவிட்டு, ரவுட்டரின் வைஃபையை மட்டும் வைத்திருக்கிறான். அவன் இப்போது பெங்களூரில் இரவுப் பணியில் இருப்பதால், அவனைப் பகலில் எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை.

முதலில் எல்லாவற்றையும் மாட்டியபோது மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. பச்சை முனையை எடுத்து, நேராகப் பிடித்து, 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை மெல்ல அழுத்தியதும் சிவப்பு அணைந்து, பி.ஓ.என். விளக்கு நிலையாகப் பச்சையில் எரிகிறது. ஆனால் அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. என் போனில் வைஃபை இணைந்ததாகக் காட்டுகிறது, இணையம் மட்டும் இல்லை என்கிறது. அதே நேரத்தில் என் கணவரின் போனில் நன்றாக வருகிறது. இருவரும் வைஃபையை அணைத்துப் போட்டால் சில நேரம் எனக்கு வந்து அவருக்கு நின்றுவிடுகிறது. ரவுட்டரில் பூமிப்பந்து வடிவ விளக்கு எரிவதே இல்லை. இது போதாதென்று, தொலைக்காட்சியில் காணொளி போட்ட சிறிது நேரத்தில் ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மீண்டும் ஒவ்வொன்றாக எரிகின்றன.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் சரியாகிவிடும் என்று தெருமுனைக் கடைக்காரர் சொல்கிறார். அதைச் செய்யலாமா? வியாழக்கிழமை என் கணவருக்கு மருத்துவருடன் வீடியோ ஆலோசனை இருக்கிறது. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

மறுமொழி 1: திருச்சி வாசகர்

வணக்கம் அம்மா. இரண்டு கருவிகளையும் ஒரே சுவிட்சில் போட்டு ஒன்றாக உயிர்ப்பிப்பதைத் தவிர்த்துப் பாருங்கள். முதலில் மோடத்தை மட்டும் போட்டு, பி.ஓ.என். விளக்கு துடிப்பது நின்று நிலையாக எரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகு ரவுட்டரைப் போடுங்கள். எங்கள் வீட்டில் மின்சாரம் போய்வந்த பிறகு இப்படிச் செய்தால்தான் சரியாகும். அதற்கும் வரவில்லை என்றால் கடைக்காரர் சொன்னபடி ரீசெட் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

மறுமொழி 2: பிராட்பேண்ட் இணைப்புப் பணியில் இருப்பவர், தஞ்சாவூர்

அம்மா, வணக்கம். அந்தத் துளையில் ஊசியை விட வேண்டாம் என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். மேலே எழுதிய நண்பர் சொன்ன வரிசை முறை நல்லதுதான். ஆனால் ரீசெட் என்பது அணைத்துப் போடுவது போன்றதன்று. ரவுட்டரை ரீசெட் செய்தால் உங்கள் மகன் வைத்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அழிந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் புதிதாக இணைக்க வேண்டிவரும். தவறுதலாக மோடத்தை ரீசெட் செய்துவிட்டாலோ, நிறுவனம் அதற்குள் பதிந்து வைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் போய், ஆள் வந்து மறுபடி பதியும்வரை இணையமே இல்லாமல் போகலாம். வியாழக்கிழமை ஆலோசனை இருக்கும்போது அந்த இடரை எடுக்கவே கூடாது.

நீங்கள் விளக்குகளை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதால் பாதி வேலை முடிந்துவிட்டது. பி.ஓ.என். நிலையாகப் பச்சையில் எரிகிறது, எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது என்றால் மாடியிலிருந்து ஒளி சரியாக வந்து, மோடமும் நிறுவனத்தின் கருவியோடு பதிவாகிவிட்டது என்று பொருள். ஒரு போனிலாவது இணையம் வருவதால் மோடம் உள்நுழைந்து இணைப்பையும் பெற்றிருக்கிறது. ஆக, பிழை மோடத்துக்கு வெளியே, இரண்டு கருவிகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. மூன்று செய்திகளை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

மோடத்திலிருந்து வரும் கேபிள் ரவுட்டரில் எந்த நிறத் துளையில் சொருகியிருக்கிறது? இரண்டு போன்களிலும் வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி என்று ஓர் எண் வரும், அவை என்ன? ரவுட்டருக்குப் போகும் அடாப்டரின் மீது 'அவுட்புட்' என்ற வரியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது? ரவுட்டரின் அடிப்பக்க ஒட்டுச்சீட்டில் இருக்கும் அளவையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

கேட்டவர்

தம்பி, மிக்க நன்றி. ரவுட்டரில் ஒரு நீலத் துளையும் நான்கு மஞ்சள் துளைகளும் உள்ளன. கேபிள் முதல் மஞ்சள் துளையில் இருக்கிறது. மோடத்தில் நான்கும் மஞ்சளாக இருப்பதால் மஞ்சளுக்கு மஞ்சள் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். இணையம் வராத என் போனில் 192.168.0.104 என்றும், வரும் போனில் 192.168.1.5 என்றும் இருக்கிறது. ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்குச் சொருகிய அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருக்கிறது. பெட்டிக்குள் இன்னும் ஓர் அடாப்டர் மீதியாக இருப்பதை இப்போதுதான் கவனித்தேன், அதில் 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. சொருகியிருப்பது முன்பு வைத்திருந்த பழைய மோடத்தினுடையது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2-இன் தொடர்ச்சி

அம்மா, நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது.

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அதைக் கொடுக்கும் வேலையை உங்கள் மோடமும் செய்யும், ரவுட்டரும் செய்யும். மோடம் கொடுப்பவை 192.168.1 என்று தொடங்குகின்றன. ரவுட்டர் கொடுப்பவை 192.168.0 என்று தொடங்குகின்றன. கேபிள் நீலத் துளையில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ரவுட்டர் ஒரு சுவர் போல நின்று, வீட்டுக் கருவிகளுக்குத் தான் மட்டும் முகவரி கொடுத்து, இணையத்தை மோடத்திடமிருந்து வாங்கிப் பகிர்ந்து தரும். மஞ்சள் துளைகள் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றில் ஒன்றில் மோடத்தின் கேபிளைச் சொருகியதும் அந்தச் சுவர் இல்லாமற்போய், ஒரே வலையில் முகவரி கொடுப்பவர்கள் இருவர் ஆகிவிட்டார்கள். போன் கேட்கும்போது யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் தரும் முகவரியையே அது எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் இணையம் வரும். ரவுட்டர் முந்தினால், அதன் நீலத் துளை காலியாக இருப்பதால், அந்தப் போன் வழியில்லாமல் நிற்கும். அணைத்துப் போடும்போது உங்கள் இருவருக்கும் மாறி மாறி வந்ததும் பூமிப்பந்து விளக்கு எரியாததும் இதனால்தான். இரண்டு கருவிகளும் ஒரே வகை எண்களைக் கொடுப்பவையாக இருந்திருந்தால் இதைக் கண்டுபிடிப்பது கடினமாகியிருக்கும். டி-லிங்க், டிபி-லிங்க் ரவுட்டர்கள் பலவற்றில் நிறுவனம் வைத்து அனுப்பும் முகவரி 192.168.0.1 என்றும், மோடங்கள் பலவற்றில் 192.168.1.1 என்றும் இருப்பது இங்கே நமக்கு உதவியது.

அடாப்டர் வேறொரு செய்தி. வோல்ட் ஒன்றாக இருப்பதாலும் முனை அளவு பொருந்துவதாலும் கருவி உயிர்பெற்றுவிடுகிறது. ஆனால் தேவைப்படும் மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அந்தப் பழைய அடாப்டரால் தர முடியும். சும்மா இருக்கும்போது தாக்குப்பிடித்து, தொலைக்காட்சிக்குக் காணொளி அனுப்பும் சுமை வந்ததும் வோல்ட் சரிந்து ரவுட்டர் தானாக அணைந்து எழுகிறது. அச்சிட்டதைவிட ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. வோல்ட் மட்டும் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

இரண்டையும் அணைத்துவிட்டு, 1.5 ஆம்பியர் அடாப்டரை ரவுட்டருக்கு மாற்றி, கேபிளின் ஒரு முனையை மோடத்தின் முதல் மஞ்சள் (லேன்) துளையிலேயே விட்டு, மறுமுனையை ரவுட்டரின் நீலத் துளையில் சொருகுங்கள். பிறகு மோடம், அது நிலைத்ததும் ரவுட்டர். போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் இரண்டிலும் 192.168.0 என்றே முகவரி வர வேண்டும்.

மறுமொழி 3: வீட்டை மாற்றிய அனுபவமுள்ள வாசகர், மதுரை

முதன்மையான சிக்கலுக்கு விடை கிடைத்துவிட்டது. ஃபைபரைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒயர்களை ஒரே கட்டாகச் சுற்றினார்கள் என்று படித்ததும் மனம் பதறியது. அது செம்புக் கம்பி அன்று, முடியளவு கண்ணாடி இழை. கைவளையல் அளவுக்குக் குறையாத வட்டமாகத்தான் அதைச் சுற்றி வைக்க வேண்டும். மடித்து ரப்பர் பேண்டு போட்டால் உள்ளே செல்லும் ஒளி வளைவில் கசிந்துவிடும், சில நேரம் இழையே ஒடிந்துவிடும். எங்கள் வீட்டில் பீரோவை நகர்த்தியபோது அதன் காலுக்கு அடியில் சிக்கி, வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே உடைந்து, மூன்று நாள் இணைப்பில்லாமல் இருந்தோம்.

பச்சை முனையைக் கழற்றினால் நுனியை விரலால் தொடாதீர்கள், உள்ளே ஒளி வருகிறதா என்று கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே எச்சரிக்கை வேண்டும். வேறு கேபிள் வாங்க நேர்ந்தாலும் நீல முனை உள்ளதை வாங்கிவிடாதீர்கள். பச்சை முனையின் நுனி 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தினுடையது அப்படி அன்று. மாற்றிச் சொருகினால் உள்ளே நுழையும், ஆனால் ஒளி சரியாகச் சேராது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு இருக்கும். அது -27 டிபிஎம் (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) என்பதைத் தாண்டி -28, -29 என்று இறங்கியிருந்தால் நிறுவனத்தாரை அழைத்து முனையைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

தம்பி சொன்னபடியே செய்தேன். பூமிப்பந்து விளக்கு எரிகிறது; இரண்டு போன்களிலும் 192.168.0 என்றே வருகிறது. தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் காணொளி ஓடியும் ரவுட்டர் அணையவில்லை. மதுரை நண்பர் சொன்னதைப் படித்ததும் ஃபைபரில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன். மகன் இரவில் அழைத்தபோது பார்த்துச் சொன்ன ஒளி அளவு -21.

ஒன்றே ஒன்று மீதியிருக்கிறது. எங்களுடையது 200 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்து மகனின் மடிக்கணினியில் சோதித்தால் முன்பு 190 வரை காட்டும். இப்போது எத்தனை முறை சோதித்தாலும் 93, 94 என்றே நிற்கிறது.

மறுமொழி 2-இன் தொடர்ச்சி

அம்மா, 94 என்று அப்படியே நிற்பது ஒரு நல்ல தடயம். வைஃபை வீச்சு குறைந்திருந்தால் எண் ஏறியிறங்கும். ஒரே இடத்தில் முட்டி நிற்காது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள அந்தக் குட்டைக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பல நேரம் கருவிகள் இரண்டும் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும்; அதில் நடைமுறையில் கிடைப்பது நீங்கள் சொல்லும் 94 தான். கேபிளின் முனையில் சிறு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்துக் கழற்றினால் ஒடிந்துவிடும், பிறகு முனை துளைக்குள் நிற்காமல் பின்னுக்கு நகரும். அதைப் பாருங்கள். ரவுட்டர் வாங்கிய பெட்டியில் அதனுடன் வந்த கேபிள் பயன்படுத்தாமல் இருக்கக்கூடும்.

கேட்டவர்

மோடத்தின் பக்கம் இருந்த முனையில் நாக்கு இல்லை. விரலால் தொட்டால் ஆடியது. பரண் மேல் இருந்த ரவுட்டர் பெட்டியில் கட்டு அவிழ்க்காத கேபிள் ஒன்று கிடைத்தது. மாற்றியதும் 188 காட்டுகிறது. மூன்று அடாப்டர்களிலும் காகிதம் ஒட்டி எதற்குரியது என்று எழுதி, நீலத் துளையில் இருக்கும் கேபிளோடு ரவுட்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்து மகனுக்கும் அனுப்பிவிட்டேன். நாளை காலை பத்தரை மணிக்கு ஆலோசனை. உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் நன்றி.