டெக்சாஸில் பனிக்கட்டி எச்சரிக்கை: காரை எடுக்கலாமா?

கேள்வி: டல்லாஸுக்குப் புதிது. நாளைக் காலை உறைமழை (தரையில் பட்டதும் பனிக்கட்டியாக உறையும் மழை) என்கிறார்கள். மெதுவாகப் போனால் போதாதா?

பதில்: போகாமல் இருப்பதே நல்லது. குளிர்நாட்டுப் பனியைவிட இங்கத்திய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் பனிக்கட்டி இறுகிக் காய்ந்து கிடப்பதால் டயர் ஓரளவு பிடிக்கும். இங்கே 0 டிகிரியை ஒட்டியே நிற்பதால் மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி. பகலில் உருகியது இரவில் மறுபடி உறையும். விண்டர் டயர் போட்டவர்கள் அரிது, உப்பு தூவும் லாரிகளும் குறைவு. 2021 பிப்ரவரி 11 அன்று ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35டபிள்யூ சாலையில் 130க்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 6 பேர் இறந்தார்கள். அன்றும் உறைமழைதான்.

நீங்கள் மட்டும் மெதுவாகப் போனால் போதாது, பின்னால் வருபவரும் நிறுத்த முடிந்தாக வேண்டும்.

வேறு வழியே இல்லையென்றால், வெயில் ஏறி 0 டிகிரியைத் தாண்டிய பிறகு கிளம்புங்கள். மேம்பாலங்களைத் தவிர்த்து வழி பாருங்கள். அடியிலும் காற்று புகுவதால் அவைதான் முதலில் உறையும்; மேலே படிந்த பனிக்கட்டி கண்ணுக்கு ஈரமாக மட்டும் தெரியும், அதுதான் பிளாக் ஐஸ். முன்வண்டியின் சக்கரம் தண்ணீரே தெறிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பாலத்தின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். நிற்க எடுக்கும் தூரம் காய்ந்த சாலையைப் போல் 10 மடங்கு வரை போகும்.

வண்டி சறுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை அழுத்தியபடியே பிடியுங்கள். பெடல் கடகடவென அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு: நான்கு சக்கர இழுவை கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. டேஷ்போர்டு வெப்பமானியும் காற்றைத்தான் அளக்கிறது. 2 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே பாலம் உறைந்திருக்கலாம்.

இன்னொன்று, வைப்பர் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்துவிடும். உறையாத திரவத்தை இன்றே ஊற்றுங்கள். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிக்குச் சூடான காற்று வீசும் டிஃப்ராஸ்ட் போட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுங்கள். ஆனால் கராஜுக்குள் வைத்து இன்ஜினை ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வரும்.