மறு: ‘அப்ரூவல் வொர்க்ஃப்ளோ’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கோரிக்கை ஒப்புதல் தரவேண்டியவர்களிடம் போய் முடிவு பெறும் முறைதான் ‘அப்ரூவல் வொர்க்ஃப்ளோ’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த முன்மொழிவுகளைப் பற்றி எழுதுகிறேன். முதலாவது இது:

> ‘தானியங்கு ஒப்புதல்’ என்று எளிமையாக வைத்துவிடலாமே. பார்த்தவுடன் புரியும்.

புரியும்தான். ஆனால் தவறாகப் புரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். ஒருவர் இணையப் படிவத்தில் விடுப்போ, கொள்முதலோ, பயணச் செலவோ கேட்கிறார். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் அந்தக் கோரிக்கைக்கு ஓர் எண் கொடுத்துப் பதிந்துகொள்கிறது. யாரிடம் போகவேண்டும் என்று பார்த்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறது. சொன்னதும் அடுத்தவரிடம் கொண்டுபோகிறது. கடைசியில் கேட்டவருக்கு முடிவைத் தெரிவிக்கிறது. இத்தனையும் தானாக நடக்கின்றன. ஆனால் ‘சரி’ என்று சொல்பவர் மனிதர். ‘தானியங்கு ஒப்புதல்’ என்றால் அந்தச் ‘சரி’யையும் கணினியே சொல்லிவிட்டதாகப் பொருள் வரும்.

கணினியே சொல்லிவிடுவதும் உண்டு. தொகை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் யாரையும் கேட்காமல் ஒப்புதல் தரும்படி விதி எழுதி வைக்கிறார்கள். ‘தானியங்கு ஒப்புதல்’ என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான். அந்தச் சொல்லை எடுத்து மனிதர் ஒப்பும் முறைக்குக் கொடுத்துவிட்டால், விதி தரும் ஒப்புதலுக்கு என்ன சொல்வது? பின்னால் தணிக்கையாளர் வந்து ‘இதற்கு ஒப்புதல் தந்தது யார்?’ என்று கேட்கும்போது, ‘ஒரு மேலாளர்’ என்பதும் ‘ஒரு விதி’ என்பதும் ஒரே பதிலாக இருக்கமுடியாது.

இந்த வேறுபாடு நாம் புதிதாகக் கிளப்புவது அல்ல. செயல்முறைகளை வரைபடமாக வரைவதற்கான பிபிஎம்என் குறியீட்டு முறையின் 2.0 பதிப்பு 2011-இல் வந்தது. 2013-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. அதில் மனிதர் செய்யும் பணிக்கு ஆள் உருவம், மென்பொருள் தானே செய்யும் பணிக்குப் பற்சக்கரம், விதிகளை வைத்து முடிவெடுக்கும் பணிக்கு அட்டவணை என்று தனித்தனிச் சின்னங்கள் உண்டு. படத்தில் பிரித்துக் காட்டுவதைச் சொல்லில் நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்கிறேன். இது சொல்லைத் தாண்டிய செய்தி என்றாலும் இங்கே பொருந்துகிறது. ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சலில் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு இணைப்புகளை வைத்து, சொடுக்கியதுமே முடிவு பதிவாகும்படி சிலர் அமைக்கிறார்கள். பல நிறுவனங்களில் பாதுகாப்பு வடிகட்டி ஒன்று, மடல் உரியவரைச் சேருவதற்கு முன்பே அதிலுள்ள இணைப்புகளைத் திறந்து பார்த்துச் சோதிக்கும். அந்தச் சோதனையே ‘ஏற்கிறேன்’ என்று பதிவாகிவிடக்கூடும். மேலாளர் மடலைப் பார்த்திருக்கவே மாட்டார், ஒப்புதல் கிடைத்திருக்கும். சரியான வழி, இணைப்பு ஒரு பக்கத்தை மட்டும் திறக்க, அந்தப் பக்கத்திலுள்ள பொத்தானை மனிதர் அழுத்தினால்தான் முடிவு பதிவாவது. யார் நகர்த்துகிறார், யார் முடிவெடுக்கிறார் என்பதைக் குழப்பிக்கொள்வதில் பிறக்கும் பிழை இது. கற்றுக்கொள்பவர் முதல் நாளே சொல்லின் வழியாக இந்தப் பிரிவைப் பழகிக்கொண்டால் நல்லது என்பது என் ஆசை.

அடுத்த முன்மொழிவு, ‘இசைவோட்டம்’. கேட்க அழகாக இருக்கிறது, சுருக்கமும்கூட. தந்த அன்பருக்கு நன்றி. ஆனால் அதே இணையப் படிவத்தின் அடியில் ‘என் தகவல்களைப் பயன்படுத்த இசைகிறேன்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. தரவுப் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர்கள் ‘இசைவு’ என்ற சொல்லை அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரே படிவத்தில் கேட்பவர் தரும் இசைவும் மேலாளர் தரும் இசைவும் மோதிக்கொள்ளும். மேலாளர் தருவது ‘ஒப்புதல்’ என்றே இருக்கட்டும். அலுவலகத் தமிழில் நெடுங்காலமாக வேரூன்றிய சொல் அது.

‘வொர்க்ஃப்ளோ’வுக்குப் ‘பணிப்பாய்வு’, ‘பணியோட்டம்’ இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. பொதுவான பொருளுக்கு எது நிலைத்தாலும் எனக்குச் சம்மதம். ஒப்புதலுக்கு என்று வரும்போதுதான் இரண்டும் இடறுகின்றன. பாய்வதும் ஓடுவதும் நிற்காமல் போவதைக் காட்டும் சொற்கள். ஒப்புதலுக்குப் போகும் கோரிக்கை பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். ஒருவர் மேசையில் தங்கும், அவர் பார்த்தபின் ஓர் அடி போகும், மீண்டும் தங்கும். அந்தத் தங்கலைக் கையாள்வதுதான் மென்பொருளின் பெரும்பாடு. இப்படிப்பட்ட வேலைகளைத் தானாக நடத்தும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டில் தொடங்கிய ஒரு செயல் 30 நாளுக்குமேல் காத்திருக்காது. அதற்குள் பதில் வராவிட்டால் அது காலாவதியாகிவிடும். அதனால் நீண்ட நாள் எடுக்கும் ஒப்புதல்களுக்கு நிலையை வேறோர் அட்டவணையில் எழுதிவைத்து, புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கிறது. கூகிள் படிவத்தை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகிளின் நிரலாக்கக் கருவியோடு இணைத்துச் செய்பவர்களும், விடைகள் விழும் விரிதாளில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, கோரிக்கை எங்கே நிற்கிறது என்பதை அதில்தான் வைத்திருக்கிறார்கள்.

‘கோப்பு நகர்ந்துவிட்டதா?’, ‘இன்னும் நகரவே இல்லை’, ‘யார் மேசையில் நிற்கிறது?’ என்றுதானே அலுவலகங்களில் நாம் எல்லோரும் பேசுகிறோம்? நின்று நின்று போவதற்கு நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் ‘நகர்வு’. ஆகவே நான் முன்வைப்பது ‘ஒப்புதல் நகர்வு’.

அது தானாக நடக்கும்போது ‘ஒப்புதல் தன்னகர்வு’. தன் + நலம் தன்னலம் ஆவதுபோலத்தான் தன் + நகர்வு தன்னகர்வு ஆகிறது. புணர்ச்சியில் இடறல் இல்லை. ‘தன்’ என்பது நகர்வோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, ஒப்புதலைத் தொடாமல் நிற்பதைக் கவனியுங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க அதைப் பெருக்கிப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். ஒருவருக்குப் பின் ஒருவர் ஒப்பினால் ‘தொடர்நகர்வு’. பலரிடமும் ஒரே நேரத்தில் போனால் ‘இணைநகர்வு’. குறித்த நாளுக்குள் பதில் வராதது போன்ற காரணத்தால் மேலதிகாரியிடம் போனால் ‘மேல்நகர்வு’. திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் ‘மீள்நகர்வு’. இந்தக் கடைசிச் சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்புதல், மறுப்பு என்று இரண்டே முடிவுகளை வைத்து அமைக்கும் முறைகளில், ஒரு ரசீதை இணைக்க மறந்தவர்கூட ‘மறுக்கப்பட்டது’ என்ற முடிவைப் பெற்று, முழுப் படிவத்தையும் மீண்டும் நிரப்புகிறார். மூன்றாவது வழிக்கு ஒரு பெயர் இருந்தால் வடிவமைப்பவருக்கு அது நினைவுக்கு வரும்.

இணைநகர்விலும் இருவகை உண்டு. எல்லோரும் ஒப்பினால்தான் கோரிக்கை மேலே போகும் என்பது ஒன்று. முதலில் பதில் சொல்பவரின் முடிவே முடிவு என்பது மற்றொன்று. ‘அனைவர் ஒப்பு’, ‘முதல்வர் ஒப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வேறு பொருள் தந்துவிடும் என்பதால் ‘முந்துநர் ஒப்பு’ என்று வைக்கலாம். இதில் எனக்கு முழு நிறைவு இல்லை.

> ‘நகர்வு’ சதுரங்கத்திலும் இருக்கிறதே, குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். தனியாக நின்றால் பொதுச்சொல், ‘ஒப்புதல்’ முன்னால் வந்தால் கலைச்சொல். ஓட்டமும் பாய்வும் அப்படித்தான் இருக்கின்றன.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்:

‘படிவம் சமர்ப்பிக்கப்பட்டதும் ஒப்புதல் நகர்வு தொடங்கும்.’
‘கேட்டவரே ஒப்புநராக அமைந்தால் கோரிக்கை மேல்நகர்வாகும்.’
‘வரம்புக்குட்பட்ட தொகைக்குத் தானியங்கு ஒப்புதல் உண்டு, மற்றவை தொடர்நகர்வில் செல்லும்.’

மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு சொற்களும் அருகருகே வந்தும் ஒன்றையொன்று மிதிக்கவில்லை. பழைய முன்மொழிவை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், எழுத வராது.

ஒப்புதல் தருபவருக்கு ‘ஒப்புநர்’ என்று மேலே எழுதியிருக்கிறேன். ‘ஒப்புதலர்’ என்று முன்பு ஒருவர் தந்திருந்தார். ‘ஒப்புநர்’ இயக்குநர், பெறுநர் வரிசையில் இயல்பாக உட்கார்கிறது; ஆனால் ஒப்பிடுபவர் என்றும் ஒருவர் படிக்கக்கூடும். அவர் விடுப்பில் இருக்கும்போது அவருக்குப் பதிலாக ஒப்புபவரையும் இதே சொல்லிலிருந்து பெறவேண்டும்: ‘பதில் ஒப்புநர்’ அல்லது ‘பதில் ஒப்புதலர்’. இலக்கணம் தெரிந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அது முடிவானால் நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஒப்புதல் நகர்வு’க்குக் கீழே மற்றவற்றையும் ஒருசேர ஏற்றிவிடலாம்.

அன்புடன்.