மறு: இதயத் துடிப்பு ‘ஸோன்’ – மண்டலமா, வலயமா, படியா… பதமா?

அன்பு நண்பர்களே,

வணக்கம். உடற்பயிற்சியின்போது இதயம் துடிக்கும் வேகத்தை ஐந்தாகப் பிரித்து ‘ஸோன்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் மடற்குழுவில் மூன்று நாளாக இந்த இழை ஓடிக்கொண்டிருக்கிறது, நான்தான் ஓடவில்லை. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை, வலிக்கும் குதிகாலுக்கு அடியில் போட்டு உருட்டிக்கொண்டே எல்லாருடைய மடல்களையும் படித்தேன். படித்தபோது தோன்றியதைத் தோன்றியபடியே எழுதுகிறேன்.

> ‘இதயத் துடிப்பு மண்டலம்’ ஏற்கெனவே அங்கங்கே புழங்குகிறது. புதிதாக ஒன்றைத் தேடுவானேன்?

புழங்குவது உண்மைதான். ஆனால் நரம்பு மண்டலம், செரிமான மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம் என்று பள்ளியில் படித்த யாருக்கும் ‘துடிப்பு மண்டலம்’ என்றதும் உடம்புக்குள் இருக்கும் இன்னோர் உறுப்புத் தொகுதிதான் நினைவுக்கு வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். ‘இரண்டாம் மண்டலத்தில் நடங்க’ என்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னால், முதல் 48 நாள் என்ன செய்யணும் என்றுதான் கேட்பார்.

> எங்களிடம் வலயம்தான் வழக்கு. கல்வி வலயம் என்கிறோமே, துடிப்பு வலயம் என்பதில் என்ன குறை?

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘வலயம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. குழப்பமும் குறைவு. எனக்குள்ள தயக்கம் வேறு. மண்டலம், வலயம் இரண்டுமே நிலத்துச் சொற்கள். கோடு கிழித்தால் கிழித்ததுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வலயம், அந்தப் பக்கம் ஒரு வலயம். இதயத் துடிப்பில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கலே.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது 52. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 168. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபாக்ஸும் ஹாஸ்கெல்லும், அதுவரை வந்திருந்த ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே படத்தில் வைத்து, குத்துமதிப்பாக இழுத்த கோடு அது. இன்றும் பல கைக்கடிகாரங்கள் அதைத்தான் வேதமாக வைத்திருக்கின்றன. 2001-இல் தனகா குழுவினர் சொன்ன சூத்திரம் வேறு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்க வேண்டும். எனக்கு 172 வருகிறது. எந்தச் சூத்திரமானாலும் தனி ஆளுக்கு மேலே பத்து, கீழே பத்து தவறலாம். சரி, 168 என்றே வைத்துக்கொள்வோம்.

என் கடிகாரம் உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் வரை இரண்டாவது ஸோன் என்கிறது. அதாவது 101 முதல் 118 வரை. அதே 60–70 சதவீதத்தைக் கார்வோனன் முறையில் போட்டுப் பார்த்தேன். அவர் பின்லாந்துக்காரர், 1957-இல் அந்த ஆய்வு வந்தது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதியில் சதவீதம் எடுத்து, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். காலையில் கண் விழித்ததும் எனக்கு 64. ஆக 104-இல் 60 சதவீதம் 62, கூட்டினால் 126. மேல் முனை 137. ஒரே ஆள், ஒரே இதயம், ஒரே ‘இரண்டாவது ஸோன்’. ஒரு கணக்கில் 118-இல் முடிகிறது, இன்னொன்றில் 126-இல்தான் தொடங்கவே செய்கிறது!

(இடையில் ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஹார்ட் ரேட் ரிசர்வ்’ எனப்படும் அந்த 104-க்கு ‘துடிப்பு ஒதுக்கீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. இங்கே ஒதுக்கீடு என்றால் வேறு விவாதம் தொடங்கிவிடும். ‘துடிப்புக் கையிருப்பு’ என்றால் மளிகைக் கடைக்காரருக்கும் புரியும்.)

மூன்றாவதாக 180 விதி. அமெரிக்கப் பயிற்சியாளர் மாஃபெட்டோன் சொன்னது, நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஆறு முறை வென்ற மார்க் ஆலன் அவரிடம் பயிற்சி பெற்றவர். 180-இல் வயதைக் கழிக்க வேண்டும். பெரிய நோயிலிருந்து மீண்டு வருபவர், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் என்றால் இன்னும் 10 கழிக்க வேண்டும். உடம்பில் எங்காவது அடிபட்டிருந்தால் 5. எனக்கு 128, குதிகாலுக்கு 5 போக 123. நான் பார்த்த கணக்குகளில் ‘உனக்கு எங்காவது வலிக்கிறதா?’ என்று கேட்கும் கணக்கு இது ஒன்றுதான். அதற்காகவே அதன்மேல் எனக்குப் பாசம். ஆனால் அந்த 123 முதல் கணக்கிலும் சேராமல் இரண்டாவதிலும் சேராமல் நடு வரப்பில் நிற்கிறது.

இதை வைத்துக்கொண்டு எப்படி வலயம் என்பது?

> எளிமையாகப் ‘படி’ என்று வைக்கலாம். முதற்படி, இரண்டாம்படி…

தங்கை எழுதியதில் எளிமை இருக்கிறது. ஆனால் படி என்றால் மாடிப்படி. முழங்கால் வலி என்று வருபவரிடம் ‘மூன்றாம் படிக்கு ஏறுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நிலை’யும் ஆகாது, மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்றாலே மருத்துவமனை வாடைதான் வருகிறது.

நான் முன்வைப்பது: துடிப்புப் பதம்.

சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்கள் தெர்மாமீட்டர் வைத்தா பார்க்கிறார்கள்? ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுக்கிறார்கள். ஒரு கம்பி நின்றால் ஒற்றைக் கம்பிப் பதம், இரண்டு நின்றால் இரட்டைக் கம்பி, தண்ணீரில் விட்டு உருட்ட வந்தால் உருட்டுப் பதம். அடுப்பு மாறும், பாத்திரம் மாறும், நேரம் மாறும், பதம் மாறாது. ஒரு பதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடு கிடையாது, ஆனால் தாண்டிவிட்டால் தெரிந்துவிடும்.

உடற்பயிற்சியிலும் இதே கதைதான். ஓட்டப் பயிற்சியாளர்கள் எண்ணைவிட நம்புவது பேச்சைத்தான். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் இரண்டாவது ஸோன். பாடவே முடிந்தால் அதற்கும் கீழே. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் மேலே போய்விட்டோம். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் போர்க் வகுத்த உழைப்பு அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிவதும் இப்படித்தான்: ஆள் தன் உழைப்பைத் தானே உணர்ந்து சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு ஏறக்குறைய வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவும் பதம் பார்ப்பதுதானே?

ஆகவே முதலாவதைப் பாட்டுப் பதம் என்றும், இரண்டாவதைப் பேச்சுப் பதம் என்றும் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவதற்குச் சொற்பதம்கூடப் பொருந்தும். அதற்கு மேலே எண்ணே போதும். நான்காம் பதம், ஐந்தாம் பதம். நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை, போகிறவர்கள் பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் குதிகால்தான். ஓட முடியாமல் போன பிறகு சைக்கிளுக்கு மாறினேன். சைக்கிளில் அதே உழைப்புக்குத் துடிப்பு ஓட்டத்தில் ஏறுகிற அளவு ஏறுவதில்லை. நீச்சல் குளத்தில் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆழத்தில் ஓடினால் இன்னும் குறைகிறது. தண்ணீரின் அழுத்தமும் குளிர்ச்சியும் சேர்ந்து துடிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடுகின்றன. சித்திரை வெயிலில் தலைகீழ்: அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, நாற்பதாவது நிமிடத்தில் துடிப்பு தானாக மேலே நகர்கிறது. எண் எல்லா இடத்திலும் மாறுகிறது. பேச்சுப் பதம் மட்டும் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும் சைக்கிளிலும் குளத்திலும் ஒன்றே. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது என்று நம் மருத்துவர் ஐயா எச்சரித்திருந்தார். அவர்களுக்கு எண்ணால் வரையறுத்த வலயம் உதவாது, பதம் உதவும்.

மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். பதம் என்றால் சொல் என்றும் பொருள். இலக்கணம் படித்தவர்கள் பகுபதம், பகாப்பதம் என்று ஆரம்பிப்பார்கள். நாட்டியக்காரர்களுக்குப் பதம் வேறு. பரவாயில்லை, ‘துடிப்பு’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. ‘பதம் பார்த்துவிட்டது’ என்பதற்கு நல்ல அடி கொடுத்துவிட்டது என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் இதயம் பதத்தில்தான் இருந்தது. குதிகாலைத்தான் பதம் பார்த்துவிட்டது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இழையில் தேடும் இரண்டாவது சொல்லுக்கு, அதாவது ‘ஓவர்யூஸ் இன்ஜுரி’க்கு, அது வேண்டும். எட்டு வாரம் ஒழுங்காகப் பேச்சுப் பதத்தில் ஓடினேன். அதே துடிப்பில் முன்னைவிட வேகமாகப் போக முடிந்தது. ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று மூன்றானது, மூன்று நான்கானது. கடிகாரம் பச்சையாகவே காட்டியது. இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாண், எலும்பு, உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் அந்தப் பட்டை, இவை மெதுவானவை. தசைநாணுக்கும் அந்தப் பட்டைக்கும் தசையளவுக்கு இரத்த ஓட்டம் கிடையாது, எல்லாம் பழக மாதக்கணக்கு ஆகும். கடிகாரம் மணிக்கட்டில் இருக்கிறது, குதிகாலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது ஆணியில் மிதித்ததுபோல் இருந்தது. பத்தடி நடந்ததும் குறைந்தது. மறுநாளும் அப்படியே.

‘என்றைக்கு அடிபட்டது?’ என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். என்னால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. இதற்குத்தான் ‘மிகைப்பயன்பாட்டுக் காயம்’ என்று இழையில் ஒரு பரிந்துரை இருக்கிறது. வாஷிங் மெஷின் கையேட்டிலிருந்து எடுத்ததுபோல இருக்கிறது, மன்னிக்கவும். காயம் என்றாலே நமக்கு இரத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஊமைக்காயம், ஆனால் அதற்கும் ஓர் அடி விழுந்திருக்க வேண்டும். சுளுக்குக்கும் ஒரு நொடி உண்டு. இதற்கு நாளும் கிடையாது, நொடியும் கிடையாது. வேட்டியை ஒரே மடிப்பில் மடித்து மடித்து வைத்தால் அந்த மடிப்பு நைந்துபோகிறதே, அதுதான். எனவே ‘நைவு’. குதிகால் நைவு, கணைக்கால் நைவு, தோள் நைவு. நெஞ்சு நைவது என்று மன வருத்தத்துக்குச் சொல்வதுண்டு என்பது தெரியும். ஓட முடியாத வாரங்களில் அதுவும் சேர்ந்துதான் வந்தது.

கடைசியாக, கடிகாரம் துடிப்புக்குப் பதிலாகக் காலடியை எண்ணிவிடும் கோளாறு. சாவகாசமாகப் பேசிக்கொண்டு ஓடும்போது திடீரென 172 காட்டும். பார்த்தால் நிமிடத்துக்கு அத்தனை அடிதான் வைத்துக்கொண்டிருப்போம். தோலில் பச்சை ஒளி பாய்ச்சி இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் கருவி, கை வீச்சின் குலுக்கலை நாடி என்று நினைத்துவிடுகிறது. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கு ‘அடிமயக்கம்’ என்று புலவர் ஐயா சொன்னது இலக்கணப்படி அழகு, வேற்றுமை மயக்கம் மாதிரி. ஆனால் ஐயா, ஓடுகிற ஒருவர் ‘எனக்கு அடிமயக்கம்’ என்று போனில் சொன்னால் வீட்டில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். ‘அடிக்கணக்குப் பிழை’ என்று சாதாரணமாக விட்டுவிடுவோமா?

இன்னொரு சின்ன வேண்டுகோள்: யாரும் ‘இதயத் துடிப்பு விகிதம்’ என்று எழுத வேண்டாம். விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. நிமிடத்துக்கு இத்தனை என்றால் அது வீதம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ‘துடிப்புப் பதம்’ எழுத்தில் நிற்குமா என்பது இன்னும் தெரியாது, பேச்சில் நிற்கிறது. நேற்று சைக்கிளை எடுக்கும்போது வீட்டுக்காரம்மா வாசலிலிருந்து, ‘பேச்சுப் பதத்துலயே போங்க, போன வாரம் மாதிரி நாய் துரத்தின வேகத்துல போகாதீங்க’ என்றார். அவர் இந்தக் குழுவில் இல்லை.

மருத்துவர் ஐயா, நைவு பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள். தசைநாண் கிழிவதையும் நைவதையும் உங்கள் துறையில் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்குமா? அப்படியானால் ‘கிழிவு’ என்று இன்னொன்றும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து